ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க மணி, கட்டை எல்லாம் வாங்கித்தான் ஆகணுமா?

மார்த்தாண்டம் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் ஒன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். நூறு வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்வாள். ஆனால் ‘தர்ட்டீன்’ எழுது என்றால் பாதி நாள் 31 என்று எழுதுகிறாள். 8-உம் 5-உம் கூட்டச் சொன்னால் ஒன்றிலிருந்து விரல்விட்டு எண்ணுகிறாள், வகுப்பில் விரல்விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், அதனால் இப்போது கையைப் பாவாடைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு எண்ணுகிறாள், அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஆன்லைனில் மர மணி, கலர் கட்டை என்று நிறைய இருக்கிறது, நல்லதாகப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் விலை. இவள் அப்பாவுக்கு ரப்பர் வெட்டு வேலை, மழை பிடித்துவிட்டால் கையில் காசு இருக்காது. கடன்பட்டாவது வாங்கினால் பலன் இருக்குமா? வாங்கிய யாராவது சொல்லுங்கள்.

தக்கலை டீச்சர்:
தங்கச்சி, எதுவும் வாங்க வேண்டாம். முதலில் அந்தக் கையைப் பாவாடையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு விரல்தான் முதல் கணக்குப் பொருள், அதைத் தடுத்தால் எண்ணுவது நிற்காது, பயம்தான் கூடும். இன்னும் நல்ல வழி ஒன்று கிடைத்தால் தானாகவே விட்டுவிடுவாள்.

13-ஐ 31 என்று எழுதுவதைக் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். ‘தர்ட்டீன்’ என்னும்போது மூன்றின் ஓசைதான் காதில் முதலில் விழுகிறது, பிள்ளை கேட்ட வரிசையில் எழுதுகிறது. லெவன், ட்வெல்வ் இரண்டிலும் பத்து என்கிற சத்தமே கிடையாது. தமிழில் பதின்மூன்று என்றால் பத்து முன்னால், மூன்று பின்னால், எழுதுவதும் அப்படியேதான். அதனால் எந்த மீடியமாக இருந்தாலும் வீட்டில் தமிழில் எண்ணச் சொல்லுங்கள். (தொண்ணூறு மட்டும் கொஞ்சம் படுத்தும், அதற்குள் ‘நூறு’ கேட்கிறது பாருங்கள், அங்கே நின்று நிதானமாகப் போங்கள்.)

பொருளுக்கு, வீட்டு வாரியலில் (விளக்குமாற்றில்) இருந்து தென்னை ஈர்க்கில் எடுத்து, கழுவிக் காயவைத்து, கூர்முனையை வெட்டிவிட்டு, விரல் நீளத்துக்கு ஒரு நூறு துண்டு நறுக்குங்கள். ரப்பர் பேண்டும் வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டுவது அவள் வேலை, நீங்கள் கட்டிக்கொடுத்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம். தானே பத்தை எண்ணிக் கட்டினால்தான் ‘இந்த ஒரு கட்டுக்குள் பத்து இருக்கிறது’ என்பது கைக்குத் தெரியும். பிறகு 13 என்றால் ஒரு கட்டு, மூன்று தனி. 31 என்றால் மூன்று கட்டு, ஒன்று தனி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், எது கூட என்று அவளே சொல்வாள். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், அவருடைய தங்கமணிகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன: ஒற்றை மணி, பத்து கோத்த கம்பி, அப்படிப் பத்துக் கம்பி சேர்ந்த நூறு.

குளச்சல் அப்பா:
டீச்சர் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் பொருள் கொடுத்தால் கணக்கு வந்துவிடும் என்று நம்பி நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன். பழம், மீன், கார் வடிவத்தில் பிளாஸ்டிக் எண்ணும் பொம்மைகள் வாங்கினேன். மகன் மீன்களை எல்லாம் ஒரு பக்கம் அடுக்கி ஏலம் போட்டான், காரை ஓட்டினான். பொருள் அழகாக இருந்தால் பிள்ளை பொருளைத்தான் பார்க்கும். அப்புறம் ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளம் உள்ள கலர் கட்டைகள், பெல்ஜியத்தில் குசினேர் என்ற ஆசிரியர் உருவாக்கியது, அதையும் வாங்கினேன். அதை வைத்து எல்லாம் சரியாகச் செய்தான், கட்டையை எடுத்துவிட்டால் நோட்டில் ஒன்றும் வராது. மஞ்சள் என்றால் ஐந்து என்று நிறத்தை மனப்பாடம் செய்திருக்கிறான், அவ்வளவுதான். கையிலிருந்து நோட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதையும் டீச்சர் சொன்னால் நன்றாக இருக்கும்.

தக்கலை டீச்சர்:
அண்ணா, நீங்கள் சொல்லும் இடத்தில்தான் நாங்களும் தடுமாறினோம். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் அட்டையும் மணியும் வகுப்பு நிறைய இருந்தன, பிறகு சின்ன வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டத்திலும் பொருட்கள் வந்தன. செய்து முடித்தபின் ‘என்ன செய்தாய்?’ என்று கேட்காவிட்டால் எல்லாம் விளையாட்டோடு நின்றுவிடும்.

நான் செய்வது இது. ஈர்க்கில் வைக்கும்போதே பக்கத்தில் சிலேட்டில் எண்ணை எழுத வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. சில நாள் கழித்து ஈர்க்கில் இல்லாமல் வரையச் சொல்வேன், கட்டுக்கு ஒரு நீளக் கோடு, தனிக்கு ஒரு புள்ளி. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ‘24-இல் எத்தனை கட்டு?’ மாட்டிக்கொண்டால் மறுபடி ஈர்க்கிலுக்குத் திரும்பலாம், அதில் தவறே இல்லை.

8-உம் 5-உம் கூட்ட முட்டை அட்டை போதும். முப்பது முட்டை அட்டையில் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி உள்ள மூன்று துண்டு. வெயிலில் நன்றாகக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 8 புளியங்கொட்டை, இன்னொன்றில் 5. முதல் அட்டையில் இரண்டு குழி காலி என்று பார்த்தவுடன் தெரியும், இரண்டை நகர்த்தினால் பத்தும் மூன்றும். ஒன்றிலிருந்து எண்ணும் பழக்கம் இங்கேதான் உடைகிறது. பத்துக்கு மட்டிப்பழச் சீப்பு எடுக்காதீர்கள், சீப்புக்குச் சீப்பு எண்ணிக்கை மாறும்.

குளச்சல் அப்பா:
புரிந்தது. மகன் இப்போது மூன்றாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழிப்பதில் நிற்கிறான். 42-இல் 17 போக 35 என்கிறான், பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறான். ‘கடன் வாங்கினால் எப்போது திருப்பிக் கொடுக்கணும்’ என்று கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை.

தக்கலை டீச்சர்:
அருமையான கேள்வி கேட்டிருக்கிறான்! யாரும் கடன் வாங்கவில்லை, ஈர்க்கில் கட்டு ஒன்றை அவிழ்க்கிறோம். நான்கு கட்டும் இரண்டு தனியும் வையுங்கள். ஏழு எடு என்றால் கையில் இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றச் சொல்லுங்கள், இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு தனி. மொத்தம் அதே 42தான் என்பதை அவன் வாயால் சொல்ல வையுங்கள். அப்புறம் ஏழும் ஒரு கட்டும் எடுத்தால் 25. ‘கடன்’ என்ற சொல்லையே கொஞ்ச நாள் வீட்டில் விட்டுவிடுங்கள்.

தோவாளை ஆச்சி:
எல்லாம் சரி மக்களே, ஒன்று சொல்லணும். எண்ணுவதற்கு மஞ்சாடி முத்து பொறுக்கும்போது குன்றிமணி கலந்துவிடாமல் பாருங்கள். மஞ்சாடி முழுச் சிவப்பு, குன்றிமணியில் கறுப்புப் பொட்டு இருக்கும், அது கடும் விஷம், மென்றால் உயிருக்கே ஆபத்து. ரப்பர் கொட்டையும் வேண்டாம், அதிலும் விஷம் உண்டு. வீட்டில் மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் எந்த முத்தும் தரையில் கிடக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். எண்ணித் தருவதும் எண்ணித் திரும்ப வாங்குவதும் அதே கணக்குதானே, பிள்ளையையே செய்ய வையுங்கள்.

மார்த்தாண்டம் அம்மா:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எதுவும் வாங்கவில்லை. முதல் இரண்டு நாள் கட்டு ஒன்றில் ஒன்பது, ஒன்றில் பதினொன்று என்று கட்டினாள், நான் திருத்தவில்லை, எண்ணிப் பார்த்து அவளே அவிழ்த்தாள். நேற்று நான் 31 சொன்னேன், மூன்று கட்டு எடுத்துவைத்துவிட்டு ‘பதின்மூன்று இவ்வளவு இல்லை அம்மா’ என்றாள், நான் பதின்மூன்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. கூட்டும்போது இன்னும் விரல் விடுகிறாள், ஆனால் மேசைமேல் வைத்து. டீச்சர், 99-க்கு அடுத்து பத்துக் கட்டு ஆகிவிட்டது, ‘இதையும் சேர்த்துப் பெரிய கட்டாகக் கட்டலாமா’ என்று கேட்கிறாள். இப்போதே நூறுக்குப் போகலாமா, கொஞ்சம் பொறுக்கணுமா?

தக்கலை டீச்சர்:
அவளே கேட்டுவிட்டாள், பொறுக்க வேண்டாம். பெரிய ரப்பர் பேண்டாக ஒன்று தேடிக்கொடுங்கள்.