சிறுத்தையின் இரண்டு விலாவும் படத்தில் விழ என்ன வழி?

வணக்கம். தானியங்கி கேமரா வைத்துச் சிறுத்தைகளைக் கணக்கெடுப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

ஒவ்வொரு சிறுத்தையையும் அதன் புள்ளிகளை வைத்தே அடையாளம் காண்கிறோம். ஆனால் இடது விலாவின் புள்ளிகள் வேறு, வலது விலாவின் புள்ளிகள் வேறு. ஒரு முறை இடது பக்கமும் இன்னொரு முறை வலது பக்கமும் மட்டும் படத்தில் விழுந்தால் ஒரே விலங்கை இரண்டாக எண்ணிவிடுவோம். அதனால் தடத்தின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா; உயரம் சுமார் 45 செ.மீ., தடத்தின் நடுவிலிருந்து தூரம் சுமார் 3 மீட்டர். நேருக்கு நேர் வைத்தால் ஒன்றன் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுக்கடிக்கிறது. விலக்கி வைத்தால் ஒன்றில் முழு உடல், மற்றதில் வெறும் வால்!

அகச்சிவப்பு ஃபிளாஷில் நடக்கிற விலங்கு இழுபட்டு, புள்ளிகள் கலங்கிவிடுகின்றன. செனான் வெள்ளை ஃபிளாஷில் புள்ளிகள் துல்லியம்தான். ஆனால் மறுபடி சார்ஜ் ஏறுவதற்குள் பின்னால் வரும் குட்டி கடந்துவிடுகிறது.

எத்தனை செ.மீ. விலக்கினால் இரண்டும் சரியாக அமையும்? தடத்தின் குறுக்கே குச்சிகள் போட்டு நடையைத் தாமதப்படுத்திப் பார்த்தவர்கள் உண்டா? ஒரு பக்கப் படங்களை மட்டும் வைத்துக் கணக்கிடுவோர், எந்த விலாவை எடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

இரையோ வாசனையோ வைக்கச் சொல்ல வேண்டாம். வழக்கமான நடமாட்டம் குலைந்து கணக்கே கெட்டுவிடும்.