புதுப்பிப்பு: விமான எலிவேட்டர் கீலில் ஆட்டம், காரணம் கிடைத்துவிட்டது

என் அல்ட்ராலைட் விமானத்தின் (சின்ன இலகுரக விமானம்) எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 'டிக்' என்று சத்தம் வருகிறது, லேசாக ஆடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

வால் கம்பிகள் தளர்ந்திருக்கும் என்றுதான் பலர் சொன்னீர்கள். முதலில் அதைப் பார்த்தேன்; விறைப்பாகவே இருந்தன. "போல்ட்டைக் கழற்றாமல் ஒன்றும் தெரியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார், அதுதான் பலித்தது. இடது கீலின் 3/16 அங்குல போல்ட்டை உருவித் துடைத்து, நகத்தால் நீவிப் பார்த்தேன். புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் சின்னக் குழாய்) உட்காரும் இடத்தில் படி மாதிரி தேய்ந்திருந்தது, நகம் தட்டி நின்றது. வெளியே தெரிந்த தலையும் நட்டும் மட்டும் புத்தம் புதுசு!

எதிர்பாராதது, அங்கே இருந்தது நைலாக் நட், அதாவது உள்ளே இருக்கும் நைலான் வளையத்தின் பிடியில் மட்டும் நிற்பது. சுழலும் இணைப்பில் அது கழன்றுவிடலாம்; காட்டர் பின் (குறுக்கே செருகி வளைத்துவிடும் பூட்டுக் கம்பி) போட்ட காசில் நட்தான் (அந்தப் பின்னுக்காக மேலே வெட்டுகள் உள்ள நட்) இருக்க வேண்டும். இதை இத்தனை நாள் கவனிக்காதது என் தப்பு.

சரி, இரண்டு பக்கமும் போல்ட், புஷ், காசில் நட் எல்லாம் புதிது. காட்டர் பின்னும் புதிதுதான், பழையதை வளைத்துத் திரும்பப் போடாதீர்கள். கீல் இறுகாமல் தாராளமாக அசையும் அளவுக்கே முடுக்கினேன். அப்புறம் ஸ்டிக்கை (ஓட்டும் பிடியை) முழுக்க இழுத்தும் தள்ளியும், எலிவேட்டர் சரியான திசையில் அசைகிறதா என்று பார்த்தேன். சத்தம் போயே போச்சு. 3 மணி நேரம் பறந்தபின் பார்த்தேன். நட் திரும்பினால் தெரியட்டும் என்று அதில் போட்ட பெயின்ட் கோடு நகரவில்லை.