மெமரி கார்டு, பவர் பேங்க், ஷூ: இணையத்தில் வாங்கும்போது எதையெல்லாம் சரிபார்ப்பது?

புதுவரவு

வணக்கம். மூன்று பொருள்களை இணையத்தில் வாங்க வேண்டும்: போனுக்கு 256 ஜிபி மெமரி கார்டு, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், ஓட்டப் பயிற்சிக்கு ஒரு ஷூ. ஒரே பொருளை ஒரே தளத்தில் ஏழெட்டுப் பேர் விற்கிறார்கள், ஆளுக்கொரு விலை. "ஸ்டார் பார்த்து வாங்கு" என்பதைத் தாண்டி, ஆர்டர் போடும் முன்பும் பார்சல் வந்த பிறகும் என்னென்ன பார்க்க வேண்டும்? முன்னாலேயே பணம் கட்டுவது நல்லதா, பொருள் வந்ததும் கொடுப்பது நல்லதா?

சாலிடர்

கார்டிலிருந்து தொடங்குகிறேன். மூன்றில் ஏமாற்று வேலைக்கு மிக எளிதானது அதுதான்.

போலிக் கார்டுக்குள் இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப். கார்டை இயக்கும் கன்ட்ரோலர் சில்லில் பதிந்திருக்கும் கொள்ளளவு எண்ணை மட்டும் 256 என்று மாற்றியிருப்பார்கள். போனும் கணினியும் அந்த எண்ணை அப்படியே நம்பும். முதல் சில ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகப் பதியும். உண்மைக் கொள்ளளவு தீர்ந்த பிறகு எழுதுவது பழையதன் மேலேயே விழும், அல்லது எங்குமே பதியாது. கோப்புகளின் பட்டியல் கார்டின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் பெயரும் அளவும் சரியாகத் தெரியும், திறந்தால்தான் படம் வராது. கார்டு நிறையச் சில மாதம் ஆகும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும். விற்பவருக்கு வேண்டியதும் அதுதான்.

அதனால் வந்த அன்றே முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். அதற்கான மென்பொருள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸ், மேக் இரண்டிலும் எஃப்3 (F3), இரண்டுமே இலவசம். கார்டு காலியாக இருக்க வேண்டும். கார்டு ரீடர் யூஎஸ்பி 3 ஆக இருப்பது நல்லது. நொடிக்கு 30 எம்பி எழுதும் கார்டு என்றால் 256 ஜிபியை எழுத இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும், படித்துச் சரிபார்க்க இன்னும் முக்கால் மணி. பொறுமை இல்லாமல் 5 ஜிபி மட்டும் சோதிப்பதில் பயனே இல்லை. போலியும் அதில் தேறிவிடும்.

கணினி 238 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட், விண்டோஸுக்கு 107.37 கோடி பைட். 256-ஐ அப்படி வகுத்தால் 238 வரும். இதற்காகவே ஒரு ஸ்டார் போட்டுப் புலம்புபவர்கள் எல்லாத் தளத்திலும் உண்டு.

வேகத்தில், அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோ எடுக்க எழுதும் வேகம்தான் முக்கியம். வி30 என்ற குறி இருந்தால் தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்குக் குறைந்தது 30 எம்பி. ஏ1, ஏ2 குறிகள் கார்டிலிருந்தே செயலிகளை ஓட்டுபவர்களுக்கு. படம் சேமிக்க மட்டும் என்றால் ஏ2-க்குக் கூடுதல் காசு வீண். உங்கள் போன் அதிகபட்சம் எத்தனை ஜிபி கார்டை ஏற்கும் என்பதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து பவர் பேங்க். 20,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி. வெளியே வருவது 5 வோல்ட், எனவே 14,800 எம்ஏஎச். மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் கையில் கிடைப்பது 12,500 முதல் 13,000 வரை. நேர்மையான தயாரிப்பாளர் இந்தச் சிறிய எண்ணையும் "ரேட்டட் கெபாசிட்டி" என்று அச்சிட்டிருப்பார். அந்த வரியே இல்லாத பொருளை விட்டுவிடுங்கள்.

பொய்யைப் பிடிக்கத் தராசு போதும். 18650 வகைச் செல் (உருளை வடிவ லித்தியம் செல்) ஒன்று 45 முதல் 50 கிராம், அதில் நல்லது ஏறக்குறைய 3,500 எம்ஏஎச் கொடுக்கும். 20,000-க்கு ஆறு செல் வேண்டும், செல் மட்டுமே கிட்டத்தட்ட 280 கிராம். தட்டையான பாலிமர் செல்லிலும் கணக்கு பெரிதாக மாறாது. பக்கத்தில் "எடை 200 கிராம்" என்று போட்டிருந்தால் அது 20,000 ஆக இருக்கவே முடியாது. உள்ளங்கை அளவில் 50,000 என்று விற்பதெல்லாம் வெறும் ஸ்டிக்கர். விமானத்தில் போவதாக இருந்தால், கைப்பையில் 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி, சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. மேலே வாட்-மணி அச்சிடப்படாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும்.

இரவுப்பறவை

சாலிடர் சொன்னது பொருள் வந்த பிறகு. அதற்கு முன்னால் பக்கத்தைப் படிப்பது எப்படி என்று சொல்கிறேன்.

தளத்தின் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். பெரும்பாலான தளங்கள் சந்தை மாதிரி, உங்களுக்கு விற்பவர் உள்ளே கடை போட்டிருக்கும் வேறொருவர். "விற்பவர்" யார், "அனுப்புபவர்" யார் என்று இரண்டு வரி இருக்கும். விற்பவர் பெயரைச் சொடுக்கினால் அவருடைய முகவரி, அவருக்கு மட்டும் வந்த மதிப்பீடு தெரியும். பொருளுக்கு வந்த ஸ்டாரும் விற்பவருக்கு வந்த ஸ்டாரும் வேறு வேறு, பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். கார்டு, சார்ஜர், பவர் பேங்க் மூன்றையும் தயாரிப்பு நிறுவனமே நடத்தும் கடையில், அல்லது அதன் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்டவர் என்று பெயர் இருப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். "விற்பனையாளர் உத்தரவாதம்" என்று இருந்தால், அந்த விற்பனையாளர் கடையைச் சாத்திய நாளோடு அது முடிந்தது.

விமர்சனத்தில் ஒரு பழைய தந்திரம் உண்டு: போன் உறைக்கு ஆயிரக்கணக்கில் நல்ல விமர்சனம் சேர்ந்த பிறகு, அதே பக்கத்தில் பெயரையும் படத்தையும் மாற்றிப் பவர் பேங்க் விற்பார்கள். ஸ்டார் அப்படியே இருக்கும். "புதியது முதலில்" என்று வரிசைப்படுத்திவிட்டு, வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். படத்தில் வேறு பொருள் இருந்தால் வெளியே வந்துவிடலாம். 64 ஜிபிக்கும் 256 ஜிபிக்கும் விமர்சனங்களை ஒரே குவியலாகச் சேர்த்திருப்பார்கள், நீங்கள் வாங்கும் அளவை மட்டும் வடிகட்டிப் படியுங்கள். எனக்கு இரண்டு, மூன்று ஸ்டார் விமர்சனங்கள்தான் வேலைக்கு ஆகும். ஐந்தில் பாதி வாழ்த்து, ஒன்றில் பாதி கூரியர்காரர் மீதான கோபம்.

விலை: அடித்துக் காட்டும் பழைய விலையை மறந்துவிடுங்கள். அமேசானில் என்றால் கீப்பா போன்ற கருவியில் பல மாத விலைக்கோடு தெரியும், தள்ளுபடிக்கு முன்வாரம் விலை ஏறியிருந்தால் அதில் பளிச்சென்று மாட்டும். கடைசிப் பக்கத்தில் காப்பீடு, நன்கொடை, மாதச் சந்தா என்று தானாகவே டிக் போட்டு வைத்திருப்பதை எடுத்துவிட்டு, அனுப்பும் கட்டணமும் வரியும் சேர்ந்த தொகையை ஒப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் சுங்கவரி தனி.

புதுவரவு

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. பெயர் தெரியாத ஒரு தளத்தில் நான் தேடும் ஷூ பாதி விலைக்கு இருக்கிறது, பூட்டுச் சின்னமும் இருக்கிறது. வாங்கலாமா? பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடு என்கிறார்களே, அது உண்மையிலேயே உதவுமா?

கணக்குப்பிள்ளை

வாங்காதீர்கள். பூட்டுச் சின்னத்துக்குப் பொருள், நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் திருடனா என்று அது சொல்லாது. முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக (.com போன்ற ஈற்றோடு சேர்த்து) வரும் பெயர்தான் தளத்தின் உண்மையான பெயர். அதற்கு இடப்பக்கம் பிரபல நிறுவனத்தின் பெயர் எத்தனை முறை வந்தாலும் மதிப்பில்லை. ஹூஇஸ் (whois, தளப் பெயர்களின் பதிவு விவரம்) தேடலில் அந்தப் பெயர் பதிவான தேதியைப் பாருங்கள். "பல்லாண்டு நம்பிக்கை" என்று எழுதியிருக்கும் கடை போன மாதம் பதிவாகியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பணம்: பொருள் வந்ததும் கொடுப்பது பலர் நினைக்கும் அளவுக்குப் பாதுகாப்பில்லை. பல இடங்களில் பணம் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க விடுவார்கள், உள்ளே செங்கல் இருந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். ஆர்டரே போடாத வீட்டுக்குப் பார்சல் அனுப்பிப் பணம் வாங்கும் மோசடியும் இதில்தான் நடக்கிறது. கிரெடிட் கார்டில் கட்டினால், பொருள் வரவில்லை அல்லது வேறு பொருள் வந்தது என்று வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி இருக்கிறது. அதற்கும் கெடு உண்டு, விற்பவர் "நாளை, நாளை" என்று இழுத்தடிப்பதே அதைத் தாண்ட வைக்கத்தான். நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் அப்படி மீட்பது மிகக் கடினம். வங்கி ஒருமுறை மட்டும் செல்லும் மெய்நிகர் கார்டு எண் தருமானால் புதிய தளங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

பணம் திரும்பி வர ஓடிபி, பின் எண், கியூஆர் ஸ்கேன் எதுவுமே தேவையில்லை. மூன்றும் பணம் வெளியே போவதற்கானவை. வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள், மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை அங்கே பதித்து வைக்கிறார்கள். செயலிக்குள் உங்கள் ஆர்டர் பக்கத்தில் இருக்கும் உதவிப் பொத்தானை மட்டும் பயன்படுத்துங்கள்.

தையலூசி

ஷூவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! எட்டு, ஒன்பது என்ற எண்ணை வைத்து வாங்கவே வாங்காதீர்கள். பிரிட்டன் அளவும் அமெரிக்க ஆண்கள் அளவும் நிறுவனத்தைப் பொறுத்து அரையோ ஒன்றோ வித்தியாசப்படும். மாலையில் அளவெடுங்கள், நாள் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு, குதிகால் சுவரில் ஒட்ட, தாளின் மேல் எடை முழுவதையும் ஊன்றி நில்லுங்கள். எந்த விரல் நீளமோ அதன் நுனியில் குறியிடுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுங்கள்.

அட்டவணையில் சென்டிமீட்டர் பத்திக்கு மேல் "பாத நீளம்" என்று இருந்தால் உங்கள் அளவை அப்படியே பாருங்கள். "உள்நீளம்" என்று இருந்தால் பாதத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக இருப்பதை எடுங்கள். இதைக் கவனிக்காததால் நகம் கறுத்துப்போனவர்கள் நிறைய. இணையத்தின் உண்மையான வசதியும் இங்கேதான்: அகலப் பாதத்துக்கான 2இ, 4இ அளவுகளைக் கடையில் வைத்திருப்பது அபூர்வம், தளத்தில் வடிகட்டியில் ஒரு சொடுக்கில் கிடைக்கும். வந்ததும் வீட்டுக்குள் சுத்தமான தரையில் மட்டும் போட்டு நடந்து பாருங்கள். அடிப்பாகத்தில் மண் பட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

இரவுப்பறவை

வீடியோ பற்றி: உதவும், ஆனால் பாதிப் பேர் தப்பாக எடுக்கிறார்கள். டேப்பை வெட்டிய பிறகு தொடங்கும் வீடியோவுக்கு மதிப்பில்லை. மூடிய பெட்டியின் ஆறு பக்கம், அனுப்புச் சீட்டில் உள்ள எண், டேப்பின் ஓரங்கள், பிறகு வெட்டுவது, பொருளின் வரிசை எண், எல்லாமே வெட்டாத ஒரே பதிவில் இருக்க வேண்டும். சீட்டில் எடை அச்சிட்டிருந்தால் பிரிக்கும் முன் தராசில் வைத்துக் காட்டுங்கள். போன் என்றால் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்குமான தனி அடையாள எண்) பெட்டியோடும் ரசீதோடும் ஒப்பிடுங்கள். புகாரை அன்றே செயலிக்குள் எழுத்தில் போடுங்கள், தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

சாலிடர்

திருப்பி அனுப்புவது பற்றி ஒன்று விட்டுப்போனது. கார்டைத் திருப்பும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ காட்டிய பிழைத் திரையைப் படமெடுத்துப் புகாரோடு இணையுங்கள். சொந்தப் படம் எதுவும் கார்டில் ஏற்றியிருக்கக் கூடாது, அதனால்தான் சோதனை முதலில், பயன்பாடு பிறகு. பவர் பேங்க் உப்பியிருந்தாலோ சூடேறினாலோ சார்ஜ் போடாமல், கூரியரில் கொடுக்காமல், எரியாத இடத்தில் தனியே வைத்துவிட்டுப் படத்தோடு "பேட்டரி உப்பியிருக்கிறது" என்று அந்தச் சொல்லாலேயே எழுதுங்கள். சேதமான லித்தியம் பேட்டரியைச் சாதாரணப் பார்சலாக அனுப்பக் கூடாது. பொருளைத் திரும்பக் கேட்காமலே பணம் தர முடியுமா என்று அப்போதே கேளுங்கள்.