மறு: ‘ஒளிர்வு வெப்பநிலை’ – கடலில் ஒளி எங்கே?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் பாடத்தில், புயலின் கடல்பரப்புக் காற்றை நுண்ணலைக் கதிர்மானி (கடலிலிருந்து வரும் நுண்ணலைக் கதிரை அளக்கும் கருவி) கொண்டு கணிக்கும் பகுதியில், brightness temperature என்பதற்கு ‘ஒளிர்வு வெப்பநிலை’ என்று போட்டிருக்கிறோம். புழக்கத்தில் உள்ள சொல்தான். ஆனால் இந்த இடத்தில் வாசகரை இரண்டு முறை ஏமாற்றுகிறது. அங்கே ஒளியும் இல்லை, தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலையும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். வங்கக் கடலின் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். அலையடங்கிய கடல்நீர் 1.4 கிகாஹெர்ட்ஸில் மோசமான உமிழி. உமிழ்திறனை (இயன்ற முழுக் கதிரில் வீசும் பங்கு) 0.3 என்று வைத்தால் கதிர்மானி காட்டுவது 90 கெல்வின். செல்சியஸில் மைனஸ் 183, ஆக்சிஜனே நீர்மமாகிவிடும் குளிர்! இதே அளவு கதிரை ஒரு கரும்பொருள் (தன் வெப்பநிலைக்கு இயன்ற முழுக் கதிரையும் வீசும் பொருள்) வீசவேண்டுமானால் அது 90 கெல்வினில் இருக்கவேண்டும் என்பது மட்டுமே அந்த எண்ணின் பொருள்.

காற்று வலுத்தால் கடல் சூடாவதில்லை. புயல் அடிநீரைக் கிளறிவிடுவதால் குளிரத்தான் செய்யும். ஆனால் அலை உடைந்து நுரை பரவுகிறது, நுரையின் உமிழ்திறன் நீரைவிட மிக அதிகம். அதனால் அந்த 90 ஏறுகிறது. 2015-இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோளின் 6 மீட்டர் வலைத்தட்டு அளப்பது இந்த ஏற்றத்தைத்தான். அலைநீளம் 21 செ.மீ. என்பதால் மழைத்துளி பெரிதாகக் குறுக்கிடாது. ஆனால் ஏற்றம் மிகச் சிறியது: காற்று வினாடிக்கு 1 மீட்டர் கூடினால் தோராயமாக அரைக் கெல்வின். ‘காற்று கூடக்கூட ஒளிர்வு வெப்பநிலை கூடும்’ என்று எழுதினால் கடல் கொதிக்கிறது என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார்.

என் முன்மொழிவு: ‘கதிர்நிகர் வெப்பநிலை’.

———

ஐயா, வணக்கம்.

> என் முன்மொழிவு: ‘கதிர்நிகர் வெப்பநிலை’.

‘ஒளிர்வு’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். பொருள்கள் தாமே ஒளி உமிழும் நிகழ்வுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் புதிதாக ஏன் கட்டவேண்டும்? ‘உமிழ்திறன்’ இருக்கிறது, அதற்கு இணையாக ‘உமிழ்வு வெப்பநிலை’ என்றால் முடிந்தது. அல்லது ‘தோற்ற வெப்பநிலை’.

இன்னொன்று: வானிலையில் ‘நிகரக் கதிர்வீச்சு’ என்றால் வரும் கதிரில் வெளியேறுவதைக் கழித்த மீதி. ‘கதிர்நிகர்’ என்பதை அவசரத்தில் படிப்பவர் அதோடு குழப்பிக்கொள்வார்.

———

> ‘உமிழ்வு வெப்பநிலை’ என்றால் முடிந்தது

முடியாது, அம்மா. கதிர்மானிக்கு வருவது கடல் உமிழ்ந்தது மட்டுமல்ல. 0.3 உமிழ்ந்தால் மீதி 0.7 எதிரொளிப்பு. 1.4 கிகாஹெர்ட்ஸில் வானின் 2.7 கெல்வின் பின்னணியும் பால்வழியின் கதிரும் கடலில் பட்டுத் திரும்பி வரும். வளிமண்டலமும் தன் பங்குக்குச் சேர்க்கும். இவற்றைக் கழித்த பிறகே உமிழ்வு தெரியும். அளந்த மொத்தத்துக்கு ‘உமிழ்வு’ என்று பெயரிட்டால், கழித்தபின் மிஞ்சுவதற்கு என்ன பெயர் வைப்பது? ‘தோற்ற வெப்பநிலை’யும் ஆகாது. வெயிலில் உடம்பு உணரும் வெப்பத்துக்கு அது வேண்டும்.

‘நிகர’ பற்றிச் சொன்னது சரியான அடி. ‘சமம்’ போட்டால் ‘சமவெப்பநிலை’ குறுக்கே நிற்கிறது. ‘ஒத்த’ எப்படி? ‘கதிரொத்த வெப்பநிலை’. வந்த கதிருக்கு ஒத்த வெப்பநிலை. சுருக்கமாகக் ‘கதிரொப்பு’ என்றும் ஆளலாம்.

சொல் தாங்குமா என்று கரையோரத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்மாப் ஒரு பார்வையில் பிடிக்கும் பரப்பு சுமார் 40 கி.மீ. அகலம். அதில் 5 விழுக்காடு நிலம் விழுந்தது என்று கொள்வோம். நிலத்தின் கதிரொப்பு 270 கெல்வின், கடலுடையது 90. கலந்தால் கதிரொப்பு 9 கெல்வின் ஏறும். அரைக் கெல்வினுக்கு 1 மீட்டர் என்ற கணக்கில் அது வினாடிக்கு 18 மீட்டர், மணிக்கு 65 கி.மீ. பொய்க்காற்று! 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா போன்ற புயலில், பாக் நீரிணைக்குள் வரும் மதிப்புகளை நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

வட வங்கக் கடலில் வேறு தொல்லை. கங்கை, பிரம்மபுத்திரா நீர் கலந்து உப்பு குறைந்தால் கதிரொப்பு கூடும். உப்புத்தன்மை 1 அலகு குறைந்தால் ஏறத்தாழ அரைக் கெல்வின். உள்ளீட்டில் 5 அலகு பிசகினால் வினாடிக்கு 5 மீட்டர் காற்று வெறுமனே முளைக்கும். ‘வெப்பநிலை ஏறியது’ என்று எழுதியிருந்தால் இந்த வாக்கியமே புரிந்திருக்காது.

———

‘கதிரொத்த’வுக்கு என் வாக்கு. கூடவே இரண்டு.

சிதறல்மானிப் பத்தியில் saturation என்பதற்கு ‘நிறைவுறல்’ என்று இருக்கிறது. இந்தியச் செயற்கைக்கோள்களான ஓஷன்சாட்-2, 2016-இன் ஸ்கேட்சாட்-1 ஆகியவற்றின் சிதறல்மானிகள் சுமார் 13.5 கிகாஹெர்ட்ஸில் அலையனுப்பித் திரும்புவதை அளந்தவை. வினாடிக்கு 35, 40 மீட்டரைத் தாண்டினால் காற்று ஏறினாலும் குறிகை (திரும்பிவரும் சிக்னல்) ஏறாது. ‘நிறைவு’ என்றால் ஏதோ நல்லபடி முடிந்ததுபோல் ஒலிக்கிறது. பள்ளி வேதியியலின் ‘தெவிட்டிய கரைசல்’ கையில் இருக்கும்போது ‘குறிகை தெவிட்டல்’ என்று போடலாமே. இலங்கை நண்பர்கள் ‘நிரம்பல்’ கேட்பார்கள், அடைப்பில் தரலாம்.

‘நீடித்த காற்று’ (சில நிமிடச் சராசரி வேகம்) என்று வெறுமனே விடவும் கூடாது. ஸ்மாப் தருவது 10 நிமிடச் சராசரிக்கு இசைவித்தது. நம் வானிலைத் துறையின் கணக்கு 3 நிமிடம், அமெரிக்கக் கூட்டுப் புயல் மையத்துடையது 1 நிமிடம். கடலில் 10 நிமிட மதிப்பை 0.93-ஆல் வகுத்தால் 1 நிமிட மதிப்பு வரும். ‘10 நிமிடக் காற்று’ என்று எண்ணோடு சேர்த்தே எழுதுவோம்.

பதிவு இப்படி இருக்கட்டும்: கதிரொத்த வெப்பநிலை (கதிரொப்பு) – ஒரு பரப்பிலிருந்து கருவிக்கு வந்துசேரும் கதிரை, அதே அலைநீளத்தில், அதே செறிவில் வீசும் கரும்பொருளின் வெப்பநிலை. அலகு கெல்வின். பழைய வழக்கு: ஒளிர்வு வெப்பநிலை.