புற்றுக்காளான் நேரில் காட்டித்தர யாராவது உண்டா?

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு உதவி. முடிந்தவரை நாமே தேடி எடுத்துச் சாப்பிட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. கீரை, காச்சில் கிழங்கு எல்லாம் சரி, கடல் சிப்பிக்கும் குறும்பனையில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், காளான்தான் பயம். இடிமழைக்கு அப்புறம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கறையான் புற்றை ஒட்டிக் கூட்டமாக முளைத்திருக்கிறது; குடை நடுவில் கூம்பாக, காம்பு வேர் மாதிரி மண்ணுக்குள் நீளமாக இறங்குகிறது. மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் தெரியும் என்பதைத் தயவுசெய்து யாரும் நம்ப வேண்டாம். சில விஷக் காளான்களில் வாந்தி தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்கப்புறம் கல்லீரலே போய்விடலாம். அதனால் போட்டோ பார்த்துச் சொல்வது போதாது. காணிப் பழங்குடிப் பெரியவர்கள் யாராவது நேரில் வந்து காட்டித்தருவார்களா? கூலியும் வண்டிச் செலவும் தருகிறேன். காட்டுக்குள் போகவோ வேட்டைக்கோ கேட்கவில்லை, எங்கள் தோட்டத்துக்குள் மட்டும்தான்.