காலேஜ் ஃபுட்பால் டை பிரேக்கர் யாராச்சும் விளக்குங்களேன்

வணக்கம் எல்லாருக்கும், அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் ரெகுலரா பாக்குறவங்க யாராச்சும் உதவி பண்ணுங்க, டீம்கள் சமமா நின்னா யாரு மேலன்னு முடிவு பண்ற ரூல் (டை பிரேக்கர்) பத்திதான் சந்தேகம். 2008ல பிக் 12ங்கிற காலேஜ் லீக்கோட சவுத் டிவிஷன்ல டெக்சஸ், ஓக்லஹோமா, டெக்சஸ் டெக் மூணுமே 7-1ல (7 வெற்றி, 1 தோல்வி) நின்னுச்சு, டெக்சஸ் ஓக்லஹோமாவ 45-35னு ஜெயிச்சது, டெக்சஸ டெக்சஸ் டெக் 39-33, டெக்சஸ் டெக்க ஓக்லஹோமா 65-21னு நொறுக்கிருச்சு, அதனால நேருக்கு நேர் பாத்தும் முடிவு வரல, கடைசில பிசிஎஸ்ங்கிற தேசிய ரேங்கிங்ல மேல இருந்த ஓக்லஹோமாதான் ஃபைனலுக்குப் போச்சு. அவங்கள ஜெயிச்ச டெக்சஸ் வெளிய நின்னது எனக்கு இன்னும் மனசு ஆறல, ஆனா ரூல் புரியுது.

இப்ப டிவிஷனே கிடையாது, டேபிள்ல முதல் ரெண்டு டீம் ஃபைனல். 2024ல அரிசோனா ஸ்டேட், அயோவா ஸ்டேட், பிஒய்யு (பிரிகம் யங் யுனிவர்சிட்டி), கொலராடோ நாலும் 7-2, எல்லாரும் எல்லாரோடயும் ஆடவும் இல்ல. அப்ப முதல் ரெண்டு பேரு மட்டும் எப்படி தேறினாங்க? நாலு பேரும் பொதுவா ஆடின டீம்களோட ரெக்கார்ட முதல்ல பாக்கணுமா, இல்ல எதிராளிங்க மொத்தமா எத்தன ஜெயிச்சாங்கன்னு பாக்கணுமா? ஒரு டீம் தனியா பிரிஞ்சதும் மிச்சவங்களுக்கு மறுபடி முதல்லேர்ந்து கணக்கு போடணுமா? பேப்பர் பேனாவோட ரெண்டு ராத்திரி உக்காந்துட்டேன், ஸ்டெப் ஸ்டெப்பா சொன்னீங்கன்னா ரொம்ப நன்றியா இருக்கும்.