எஸ்எல்ஏ பச்சை, லாரி லேட்: ஐடிஐஎல் நல்லதா, கோபிட் நல்லதா?

அம்பத்தூர் எஸ்டேட்:
வணக்கம். கார் உதிரிபாக ஆலை எங்களுடையது. ஈஆர்பி (ஆலையின் சரக்கு, பில், கணக்கு எல்லாம் ஓடும் மென்பொருள்) எஸ்எல்ஏ (சேவைத் தர ஒப்பந்தம்) படி மாதாமாதம் 99.5%க்குக் குறையாமல் ஓடுகிறது. ஆனாலும் ஐடியால்தான் லாரி தாமதம் என்கிறது டிஸ்பாட்ச் (சரக்கு அனுப்பும் பிரிவு). காலை ஷிஃப்டுக்குள் ஒரகடத்துக்குச் சரக்கு போயாக வேண்டும். ஐடிக்கு ஏதாவது ஃபிரேம்வொர்க் (வழிமுறைத் தொகுப்பு) கொண்டுவாருங்கள் என்கிறது நிர்வாகம். ஐடி சேவையை நடத்தும் முறையான ஐடிஐஎல், ஐடியை ஆளும் முறையான கோபிட், இரண்டில் எதை எடுப்பது?

சர்வீஸ் டெஸ்க்:
சார், 99.5% என்றால் 30 நாளில் 3.6 மணி நேரம் நின்றாலும் கணக்கு சரி. அதில் அரை மணி விடியற்காலை 4 மணிக்கு விழுந்தால் லாரி போச்சு. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. தர்பூசணி மாதிரி அறிக்கை.

சர்வரை விட்டுவிட்டு, லாரி கிளம்புவதை அளவிடுங்கள். டெலிவரி சலான், இ-இன்வாய்ஸ் ஐஆர்என் (பில்லைப் பதிந்ததும் கிடைக்கும் எண்), இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி ஆவணம்), லேபிள் பிரிண்டர், கேட் பாஸ் எல்லாம் ஒரே சங்கிலி. எது நின்றாலும் வண்டி நகராது. "காலை 3 முதல் 6 வரை, ஐடி கோளாறால் 10 நிமிடத்துக்கு மேல் தாமதமான லாரிகள்" என்று எண்ணுங்கள். டிக்கெட்டின் (ஐடியிடம் பதியும் புகாரின்) முன்னுரிமையும் நேரத்தைப் பொறுத்தது: மதியம் 2 மணிக்கு லேபிள் பிரிண்டர் நின்றால் பி4 (அவசரமில்லை), காலை 4 மணிக்கு அதுவே பி1 (மிக அவசரம்). மாதக் கடைசியிலும், ஜிஎஸ்டி ரிட்டர்ன்களான ஜிஎஸ்டிஆர்-1, 3பி கெடு நாட்களான 11, 20 தேதிகளையொட்டியும் சேஞ்ச் (சிஸ்டத்தில் மாற்றம்) எதுவும் வேண்டாம்.

ஆடிட் பார்வை:
இரண்டும் போட்டியில்லை. எது முக்கியம், யார் பொறுப்பு என்று முடிவெடுக்க கோபிட். அன்றாடம் நடத்த ஐடிஐஎல். கோபிட் 2019இல் 40 நோக்கங்கள், ஐடிஐஎல் 4இல் 34 நடைமுறைகள். மொத்தத்தையும் இழுத்துப் போட்டால் ஆவணம்தான் மிஞ்சும். கோபிட்டில் நிறுவன இலக்குகள் 13. அதில் இரண்டு மூன்றை நிர்வாகமே தேர்ந்தெடுக்கட்டும். ஐடிஐஎல்லில் இன்சிடென்ட் (கோளாறைச் சரிசெய்வது), சேஞ்ச், சர்வீஸ் லெவல் (சேவை இலக்கு) மூன்றும் இப்போதைக்குப் போதும்.

சிஎம்டிபியில் (ஐடி சாதனங்கள், மென்பொருள்களின் பதிவேட்டில்) எல்லா லேப்டாப்பையும் ஏற்றத் தொடங்கினால் அது முடியாது. அந்தச் சங்கிலியில் உள்ளவை மட்டும் போதும். இலக்கில் கையெழுத்திட வேண்டியது டிஸ்பாட்ச் மேனேஜர். ஐடி தானே எழுதித் தானே மதிப்பெண் போடக்கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்:
ஜிஎஸ்டி போர்டலே நின்றால் யார் கணக்கில் எழுதுவது?

சர்வீஸ் டெஸ்க்:
தாமதத்தில் சேருங்கள், காரணத்தை மட்டும் தனியாகப் பிரித்து எழுதுங்கள். லாரிக்கு அது யார் தவறென்று தெரியாது. இன்டர்நெட் ஒப்பந்தத்தையும் பாருங்கள்: சப்ளையர் 4 மணி நேரத்தில் சரிசெய்வதாகச் சொல்லியிருக்க, நீங்கள் டிஸ்பாட்சுக்கு 30 நிமிடம் என்று வாக்குக் கொடுத்தால் நிற்காது. இரண்டாவது லைன் வாங்கும்போது இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் வருகிறதா என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எஸ்டேட்டில் தண்ணீர் தேங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்றை 4ஜி அல்லது வயர்லெஸ் லிங்க்காக வையுங்கள். மழைக்கு முன் ஒரு விடியற்காலையில் முதல் லைனைக் கழற்றி, இ-வே பில் வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.